அரசன் மட்டும் அறியாதது

திருமுல்லைவாயில்
8-1-1989, ஞாயிறு

வசந்தகுமாரிக்கு இராமகிருஷ்ணன் எழுதுவது.

30-12-1988 எனத் தேதியிட்ட உன் கடிதம் 5-1-1989 வியாழனன்று வந்து சேர்ந்தது. பாஸ்கரனுக்கு நாக்பூரில் வேலை நிரந்தரமாகிவிட்டது என்ற செய்தி நிறைவளித்தது. தகப்பனை இழந்த பிள்ளை ஆளாகி நிற்பதில் என் பங்கும் உண்டு என்று எழுதியிருக்கிறாய். அதை நான் மறுக்கவில்லை. நீங்கள் இருவரும் என் வீட்டில் இருந்த ஆண்டுகளில் என் கடமையில் நான் தவறியதில்லை.

இனி, நான் எழுத வந்த விஷயம். நம் தொழிற்சாலைக் காலனியின் நாடக மன்றத்துக்கு இது வெள்ளி விழா ஆண்டு. மன்றம் தொடங்கப்பட்டது 14-3-1964 சனிக்கிழமை. செயலாளர் பக்தவத்சலம் அதை ஏப்ரல் என்று அழைப்பிதழில் அச்சிட இருந்தார். பழைய துண்டறிக்கையைக் காட்டித் திருத்தினேன். விழா 11-3-1989 அன்று. முதல் ஆண்டு ஆடிய அதே பழந்துன்பியல் நாடகமாகிய 'மதிற்கதவம்' மீண்டும் மேடையேறுகிறது. ஓய்வு பெற்றவனாயினும் என்னையே இயக்கும்படி கேட்டிருக்கிறார்கள். அரசன் மாறவேளாக நடிப்பவன், அன்று போலவே இன்றும், கோதண்டம்.

ஆம், கிடங்குக் காவலாளியாக இருந்த அதே கோதண்டம். கிடங்கில் செம்புக் கம்பிச் சுருள் களவு போன அன்று மாலை உன் கணவனும் என் தம்பியுமான கலியமூர்த்தியை அங்கே கண்டதாகச் சாட்சி சொல்லி, அவன் வேலையைப் பறித்தவன். பிழைக்க வேறு வழியின்றி இரும்பு உருக்கும் வார்ப்படச் சாலையில் சேர்ந்து, புகை குடித்து என் தம்பி 3-6-1979 அன்று மாண்டதற்குக் காரணமானவன். பத்தாண்டுகளாக ஒவ்வொரு ஜூன் மூன்றாம் தேதியும் தம்பியின் படத்தின் முன் அவன் பெயரைச் சொல்லிச் சபித்திருக்கிறேன். அருகில் நின்று நீ கேட்டிருக்கிறாய்.

நீ இந்நாடகத்தைப் பார்த்ததில்லை; ஆகவே கதையைச் சொல்கிறேன். கோட்டைக் கதவு ஓர் இரவு திறந்து கிடக்கிறது. காவலன் மீது பழி. "அவ்விரவு நான் நகர்வலம் வந்தேன், காவலனை அவன் இடத்தில் காணவில்லை" என்று அரசனே சொல்கிறான். அந்தச் சொல்லை வைத்துக் காவலனை மதிலுக்குள் நிறுத்திச் சுவர் எழுப்பிவிடுகிறார்கள். பின்பு அவன் குற்றமற்றவன் என்று தெரிகிறது. தான் சொன்னதை அற்பமென மறந்துவிட்ட அரசன் கொதித்தெழுந்து, "எவன் சாட்சியம் இவனைக் கொன்றது?" என்று கேட்கிறான். அவையில் எல்லோருக்கும் தெரியும், சொல்லத் துணிவில்லை. அமைச்சன் தலை குனிகிறான். அரசன் அந்த முகமறியாச் சாட்சியைச் சபிக்கிறான்:

"எவன் சொல்லால் இவன் சுவருக்குள் போனானோ, அவன் வாயிலில் விளக்கு எரியாதிருக்கட்டும்! அவன் உறங்கப் போகும்போதெல்லாம் சுவர் பேசட்டும்!"

பார்ப்பவன் அறிவான், பேசுபவன் அறியான். இதற்கு முரண்நகை என்று பெயர். சபிப்பவன் தன்னையே சபித்துக்கொள்கிறான் என்று அறிந்து கேட்பதில் ஒரு நடுக்கம் இருக்கிறது. அதற்காகவே மக்கள் இந்நாடகத்தை வந்து பார்க்கிறார்கள்.

நான் செய்யப் போவது இதுதான். கோதண்டத்தின் வசனத்தில் ஓர் எழுத்தையும் தொட மாட்டேன். அவனைச் சுற்றியுள்ளவர்களின் வசனத்தை மாற்றுவேன். நம் மன்றத்தின் வழக்கம் உனக்குத் தெரியுமே. அவரவர் வசனமும், அதற்கு முன் பேசுபவரின் கடைசிச் சொற்களும் மட்டுமே அவரவர் பாடத்தாளில் இருக்கும். முழு நாடகமும் என் ஒருவன் கையில். கோதண்டத்துக்கு இருபத்தைந்து ஆண்டுகளாக அரசன் வேஷம் மனப்பாடம். வீட்டில் வளர்க்கும் மாடுகளைச் சாக்குச் சொல்லி ஒத்திகைக்கே வருவதில்லை. மேடையில் நிற்கும்போதுதான் தன்னைச் சுற்றி நடப்பது 1968-ஆம் ஆண்டின் விசாரணை என்று அவனுக்குப் புரியும். அப்போது சாபத்தை அவன் தன் வாயாலேயே தனக்கு இட்டுக்கொள்ள வேண்டியிருக்கும், காலனி முழுவதும் பார்த்திருக்க.

பாஸ்கரனுக்கு என் ஆசிகள்.

இராமகிருஷ்ணன்


நாக்பூர்
19-1-1989

மாமா அவர்களுக்கு வசந்தகுமாரி வணக்கத்துடன் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். இங்கே குளிர் அதிகம். விடிந்து வெகுநேரம் வரை யாரும் கதவைத் திறப்பதில்லை. எனக்கு யோசிக்க நேரம் நிறையக் கிடைக்கிறது.

மாமா, இது வேண்டாமே. அவர் போய்ப் பத்து வருஷம் ஆகப்போகிறது. கோதண்டம் அண்ணனுக்கும் வயதாகிவிட்டது. இந்த இருபது வருஷத்தில் நீங்கள் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் எதிரே வந்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போவீர்கள். நாடகம் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு முறை அவர் வீட்டுக்குப் போய், "அன்றைக்கு விசாரணையில் நீ என்னதான் சொன்னாய்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டுவிட்டுப் பிறகு எது தோன்றுகிறதோ அதைச் செய்யுங்கள்.

நான் உங்களிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

வசந்தகுமாரி


திருமுல்லைவாயில்
29-1-1989, ஞாயிறு

வசந்தகுமாரிக்கு,

உன் கடிதம் என்னை வருத்தியது. குற்றவாளியின் வீட்டுப் படியேறி, நீ செய்த குற்றம் யாது என்று நான் கேட்க வேண்டுமா? அவன் உண்மையைச் சொல்வான் என்று எதை வைத்து நம்புகிறாய்?

உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. களவு நடந்தது 12-9-1968 வியாழன் மாலை. என் தம்பி செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் வேலைக்குச் செல்லவில்லை. விசாரணை 23-9-1968 திங்களன்று. சாட்சிகளை ஒவ்வொருவராக உள்ளே அழைத்தார்கள். முதலில் கோதண்டம், பிறகு நான். அவன் என்ன சொன்னான் என்பதைக் காதால் கேட்கவில்லையாயினும், என் தம்பியே என்னிடம் சொன்னான்: "கோதண்டம் சொன்னதுலதாண்ணா போச்சு." இதற்கு மேல் யாரைக் கேட்க வேண்டும்?

அந்த அறையில் என் தம்பிக்காக உண்மையைச் சொன்னவன் நான் ஒருவனே. அவன் மூன்று நாளும் படுக்கையில் இருந்ததாகச் சொல்லியிருந்தான். பதற்றத்தில் நாட்களைக் குழப்பிவிட்டான். நான் திருத்தினேன். காய்ச்சல் செவ்வாயும் புதனும். வியாழனன்று காலை ஏழு மணிக்கு வெள்ளைச் சட்டை அணிந்து புறப்பட்டான். இரவு ஒன்பதுக்குத் திரும்பினான். ஒரு சாட்சி ஒரு நாளைத் தவறாகச் சொன்னாலும் அவன் சொன்ன மற்ற நாட்களையும் நம்ப மாட்டார்கள். ஆகவேதான் அத்தனை துல்லியமாகச் சொன்னேன். அன்று எங்கே போனாய் என்று அவனை நான் கேட்டதே இல்லை. கேட்டால் அண்ணனும் சந்தேகப்படுகிறான் என்று நினைத்துவிடுவான் அல்லவா?

நீ மன்னிக்கச் சொல்கிறாய். அவன் அண்ணனாகிய எனக்கு இருக்கும் ரோஷம், தாலி கட்டிக்கொண்ட உனக்கு இல்லாமல் போனதை எண்ணி வியக்கிறேன். வெளியூர் போனதும் எல்லாம் மறந்துபோகும் போலும்.

இராமகிருஷ்ணன்


நாக்பூர்
8-2-1989

மாமா அவர்களுக்கு,

ரோஷத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்தேன்.

சரி, நாடகத்தை நடத்துங்கள். இனிமேல் நான் தடுக்க மாட்டேன். ஆனால் நடத்துவதானால் அரைகுறையாக நடத்தக் கூடாது. எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். நாடகம் உங்கள் துறை, பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

கோதண்டம் அண்ணன் சொன்னதை மட்டும் மேடையில் சொன்னால், ஏதோ பழைய பகை என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள். உங்கள் சாட்சியத்தையும் சேருங்கள். அன்றைக்கு நீங்கள் சொன்னதை, சொன்னபடியே, செவ்வாய் புதன் வியாழன், காலை ஏழு, வெள்ளைச் சட்டை எல்லாவற்றோடும் கட்டியக்காரன் அவையில் படிக்கட்டும். காவலனுக்கும் ஒரு தமையன் இருந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சாட்சிகளையும் அடுத்தடுத்துக் கேட்டால்தான் யார் எப்படிப்பட்டவர் என்று காலனிக்கு விளங்கும்.

இன்னொன்று. யார் பெயரையும் சொல்ல வேண்டாம். "எவன் சாட்சியம்?" என்று அரசன் கேட்டதும் அமைச்சர் பழையபடியே சும்மா நிற்கட்டும். பதிலை உட்கார்ந்திருப்பவர்கள் மனதுக்குள் சொல்லிக்கொள்வார்கள். அதற்குத்தானே நீங்கள் ஒரு பெயர் சொன்னீர்கள், முரண்நகை என்று?

பழைய ஆட்கள் யாரெல்லாம் இன்னும் அங்கே இருக்கிறார்கள்? நாகம்மா அக்கா இருக்கிறாரா? அவர்களை எல்லாம் கட்டாயம் வரச் சொல்லுங்கள்.

வசந்தகுமாரி


திருமுல்லைவாயில்
19-2-1989, ஞாயிறு

அன்புள்ள வசந்தகுமாரிக்கு,

உன்னைக் கடிந்து எழுதியதற்கு வருந்துகிறேன். நாடகத்தின் உயிர்நாடியைத் தொட்டுவிட்டாய்! என் சாட்சியத்தைச் சேர்க்கத் தன்னடக்கம் காரணமாக எனக்குத் தோன்றவில்லை. அறமும் மறமும் அருகருகே நின்றால்தான் அவைக்கு நிறம் தெரியும். 12-2-1989 அன்று ஒரே அமர்வில் எழுதி முடித்தேன். கட்டியக்காரன் கூறுவது:

"முதற் சாட்சி, கிடங்கு காப்போன்: 'மாலை மயங்கும் வேளை, கிடங்கின் வாயிலில் இவனைக் கண்டேன்.'
இரண்டாம் சாட்சி, இவன் உடன்பிறந்த தமையன்: 'செவ்வாயும் புதனும் இவன் காய்ச்சலில் கிடந்தான். வியாழனன்று, கதிர் எழுந்து இரண்டரை நாழிகையில், வெண்சட்டை பூண்டு இல்லம் நீங்கினான், இரவே மீண்டான். நான் நாள் பிழைத்துச் சொல்பவன் அல்லன்.'
இவையே சாட்சி, அரசே!"

'இவையே சாட்சி, அரசே' என்பதுதான் பழைய நாடகத்திலும் கட்டியக்காரனின் கடைசிச் சொல். ஆகவே கோதண்டத்துக்கு ஐயம் எழாது. கட்டியக்காரனாக நடிப்பவன் அப்பாவு. தொழிற்சாலையில் சேர்ந்து இரண்டு ஆண்டே ஆன பையன். பழைய கதை ஏதும் அறியாதவன். அமைச்சர் பக்தவத்சலம். அவருக்கு அந்தக் காட்சியில் வசனம் இல்லை. ஆகவே பாடத்தாளும் இல்லை. நாகம்மா நலம், அழைத்துவிட்டேன்.

நேற்று ரயில் நிலையத்தில் கோதண்டம் எதிர்ப்பட்டான். நாடகத்தை முன்னிட்டு, நான் தெருவைக் கடக்கவில்லை. அவனுக்கு அதுவே பெருமையாகிவிட்டது.

"இன்னா சார், சொகமா கீறீங்களா? தங்கச்சி வசந்தா எப்டி கீது? பையன் வேலைக்கு பூட்டானாமே. கலியன் இருந்து பார்க்க குடுத்து வெக்கல."

என் தம்பியின் பெயரை அவன் வாயால் கேட்க எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப்பார். "நலம்" என்று மட்டும் சொன்னேன்.

"நாடகத்துல எதனா மாத்திகீறீங்களா சார்? வயசு ஆயிடுச்சு, புச்சா எதுவும் மண்டைல ஏறாது."

"உன் வசனம் ஓர் எழுத்தும் மாறவில்லை" என்றேன்.

"அப்ப கவல இல்ல. அந்த சாபத்த மட்டும் பிச்சு ஒதறிடுவேன் பாருங்க!"

மேடையில் செந்தமிழ் பொழியும் அதே வாய்தான் இப்படிப் பேசுகிறது. வீடு திரும்பும் வழியெல்லாம் தனியே சிரித்துக்கொண்டு வந்தேன். நெடுங்காலமாக நான் அப்படிச் சிரித்ததில்லை.

இராமகிருஷ்ணன்


நாக்பூர்
27-2-1989

மாமா அவர்களுக்கு,

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள். "நான் நாள் பிழைத்துச் சொல்பவன் அல்லன்" என்பதைப் பையன் உரக்கச் சொல்லட்டும்.

நீங்கள் திரைக்குப் பின்னால் நிற்காதீர்கள். முன்வரிசையில், மேடை விளக்கின் வெளிச்சம் படுகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். எழுதியவர் யார் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

முடிந்ததும் யார் எந்தப் பக்கம் பார்த்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். காத்திருப்பேன்.

வசந்தகுமாரி


திருமுல்லைவாயில்
12-3-1989, ஞாயிறு

அன்புள்ள வசந்தகுமாரிக்கு,

முடிந்தது. நான் எண்ணியதைக் காட்டிலும் பன்மடங்கு சிறப்பாக முடிந்தது. இரவு உறக்கமில்லை, ஆயினும் களைப்பும் இல்லை. ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

பந்தல் நிறைந்திருந்தது. நீ சொன்னபடி முன்வரிசையில் அமர்ந்தேன். பின்னால் நாகம்மாவும் பழைய குடித்தனக்காரர்களும். முதல் மூன்று காட்சிகள் வழக்கம்போல். கோதண்டம் நன்றாகவே நடித்தான். அதை மறைக்க மாட்டேன்.

நான்காம் காட்சி. அப்பாவு முன்வந்து படித்தான். முதற் சாட்சியைக் கேட்டபோதே பின்வரிசைகளில் பேச்சு நின்றது. 'கிடங்கு' என்ற சொல் வேலை செய்துவிட்டது. அமைச்சர் கோலத்தில் நின்ற பக்தவத்சலத்தின் முகம் வெளிறியதை நானே பார்த்தேன். இரண்டாம் சாட்சி தொடங்கியது. செவ்வாய், புதன் என்றதும் யாரோ ஒரு பெண் "ஐயோ" என்றாள். வியாழன் என்றபோது அண்ணனூர்ப் பணிமனைக்குப் போகும் காலி ரயிலின் சத்தம் மட்டும் கேட்டது. வசந்தகுமாரி, எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்! ஒருவர் பாக்கியில்லை. தம்பிக்காக நின்ற தமையன் யார் என்பதை அவர்கள் மறக்கவில்லை. நான் நிமிர்ந்து அமர்ந்தேன்.

"இவையே சாட்சி, அரசே!" அரசன் எழுந்தான். "எவன் சாட்சியம் இவனைக் கொன்றது?" என்றான். அமைச்சர் தலை குனிந்தார். அது நடிப்பாகத் தெரியவில்லை. அடுத்தது சாபம். கோதண்டம் கையை உயர்த்தி "எவன் சொல்லால் இவன்" என்று தொடங்கினான். பிறகு பேச்சு வரவில்லை. என்னைப் பார்த்தான். திரைமறைவிலிருந்து இருமுறை அடி எடுத்துக் கொடுத்தார்கள். அசையவில்லை. பிறகு கிரீடத்தைக் கழற்றி அரியணை மீது வைத்துவிட்டு, அரசனாக அல்லாமல் கோதண்டமாகவே பேசினான்.

"எல்லாரும் மாப்பு பண்ணிக்கங்க. இந்த வசனத்த என்னால சொல்ல முடியாது. தெரைய போடுப்பா."

குற்றமுள்ள நெஞ்சு அவன் நாவைக் கட்டிவிட்டது! தன் சாபத்தைத் தானே சொல்ல அவனால் இயலவில்லை. எந்த வாக்குமூலம் இதைவிடத் தெளிவாக இருக்க முடியும்?

என் பின்னால் நாகம்மா அழுதுகொண்டே பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "இத்தினி வர்ஷமா அந்த மன்சனுக்கே தெரியாம கீதேம்மா! பாவம், எப்டி குந்திகினு கீறாரு பாரு." தன் பாவம் ஊரறிந்தது என்பதை அறியாமலேயே கோதண்டம் உலவி வந்தான் என்பதைத்தான் அப்படிச் சொன்னாள்.

மேடையிலிருந்து இறங்கி அவன் நேரே என்னிடம் வந்தான். கைகூப்பி, "சார், ஊட்டுக்கு போலாம் வாங்க, நான் கூட வரேன்" என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பக்தவத்சலம் சோடா கொண்டுவந்து தந்தார். நாகம்மா என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். யாரும் உரக்கப் பேசவில்லை. நாடகம் கலைந்ததைப் போலில்லை, கோயிலில் கூட்டம் கலைந்ததைப் போல் இருந்தது.

தம்பியின் படத்தின் முன் இன்று காலை நின்றேன். "கணக்குத் தீர்ந்தது" என்று சொன்னேன்.

இராமகிருஷ்ணன்


நாக்பூர்
21-3-1989

திரு. இராமகிருஷ்ணன் அவர்களுக்கு,

நீங்கள் எழுதியதை அடுப்படியில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு இன்னொரு முறை படித்தேன். எல்லாம் நான் நினைத்தபடியே நடந்திருக்கிறது. கோதண்டம் அண்ணன் கிரீடத்தைக் கழற்றியது ஒன்றுதான் நான் எதிர்பார்க்காதது.

இப்போது சொல்கிறேன். 12-9-1968 அன்று என் கணவர் பூந்தமல்லியில் இருந்தார், என்னோடு. அப்போது எங்களுக்குக் கல்யாணம் பேசவில்லை. காலையில் பஸ் ஏறி வந்தார். சாயங்காலம் வரை என் சித்தி வீட்டில் இருந்தோம். சித்தி ஊரில் இல்லை. வெளியே தெரிந்திருந்தால் என் அப்பா என்னை உயிரோடு வைத்திருக்க மாட்டார். அதனால்தான் மூன்று நாளும் காய்ச்சல் என்று விசாரணையில் சொன்னார். கோதண்டம் அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? "சுவரேறிக் குதித்தவன் யாரென்று இருட்டில் தெரியவில்லை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்" என்றார். அவ்வளவுதான். கலியமூர்த்தி பெயரையே அவர் எடுக்கவில்லை. அவர் சொல்லாததை அவர் வாயில் வைத்து நீங்கள் நாடகம் எழுதினீர்கள்.

பிறகு நீங்கள் உள்ளே போனீர்கள். காய்ச்சல் செவ்வாயும் புதனும் என்றீர்கள். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினான் என்றீர்கள். சட்டையின் நிறத்தை யாராவது உங்களைக் கேட்டார்களா? கேட்கவில்லை. நீங்களாகவே சொன்னீர்கள். "உடன்பிறந்த தமையனே மறுத்துச் சொல்லியிருப்பதால்" என்று உத்தரவில் எழுதினார்கள். அதைத் தட்டச்சு செய்தவர் பக்தவத்சலம். ஒரு வாரத்தில் காலனிக்கே தெரிந்துவிட்டது, உங்களைத் தவிர.

உங்கள் தம்பி எல்லோர் காலிலும் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டார். "எங்கண்ணனுக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா உசிர விட்டுடுவான்." உங்களிடம் யார் பெயரைச் சொல்வது என்று தவித்தபோது கோதண்டம் அண்ணன்தான் சொன்னார்: "எம்பேர சொல்லிக்க நைனா. ரெண்டு நாளு திட்டுவாரு, அப்பால மறந்துடுவாரு." அந்த இரண்டு நாள் இருபது வருஷமாயிற்று.

நான் மன்னிக்கவில்லை. அவர் வார்ப்படச் சாலையில் இருமிக்கொண்டு கிடந்தபோதும் "அண்ணன் நல்லதுக்குத்தான் சொன்னான்" என்பார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்களுக்குத் தம்பியைவிடத் தேதி பெரிதாக இருந்தது. அவர் போன பிறகு, போக்கிடம் இல்லாமல் உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஒவ்வொரு வருஷமும் அவர் படத்தின் முன்னால் நின்று ஒரு நல்ல மனிதரை நீங்கள் சபித்தபோது பக்கத்தில் நின்றேன். பாஸ்கரன் தலையெடுக்கும்வரை வாயைத் திறக்க எனக்கு வழியில்லை.

அப்படியும் ஒரு முறை உங்களுக்கு வழிவிட்டேன். கோதண்டம் அண்ணனைக் கேளுங்கள் என்று எழுதினேன். எனக்கு ரோஷமில்லை என்று பதில் எழுதினீர்கள். அதைப் படித்த அன்றுதான் உங்கள் சாட்சியத்தையும் நாடகத்தில் சேர்க்கச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன்.

அன்றைக்கு எல்லோரும் உங்களைப் பார்த்தது எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். நாகம்மா அக்கா யாரைச் சொன்னார் என்பதும் புரிந்திருக்கும். மேடையில் கோதண்டம் அண்ணனுக்கு நாக்குக் கட்டவில்லை. உங்கள் முகத்துக்கு நேரே உங்களைச் சபிக்க அவருக்கு மனம் வரவில்லை. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் முழுவதையும் சொல்லியிருப்பேன்.

வசந்தகுமாரி


திருமுல்லைவாயில்
2-4-1989, ஞாயிறு

வசந்தகுமாரிக்கு,

உன் கடிதம் 27-3-1989 திங்களன்று கிடைத்தது. நம்பவில்லை. பொய் என்று நிரூபிக்கவே பக்தவத்சலத்தின் வீட்டுக்குப் போனேன். "இந்தத் தேதிகளெல்லாம் சரிதானா?" என்று கேட்டேன். "தேதியில தப்பே இல்ல சார். நீங்க சொன்ன தேதி எது தப்பாச்சு?" என்றார். பிறகு முகத்தை மூடிக்கொண்டார். உத்தரவின் வாசகத்தை மூடிய முகத்தோடு ஒப்பித்தார்.

அங்கிருந்து கோதண்டத்தின் வீட்டுக்குப் போனேன். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டார்.

"குந்துங்க சார். காபி போடச் சொல்றேன்."

"வசந்தகுமாரி எழுதியிருக்கிறாள்" என்றேன்.

தவிட்டு வாளியை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "அது ஏன் சார் எழுதிச்சு? கலியன்கிட்ட சத்தியம் பண்ணிக் குட்துச்சே" என்றார்.

"உன்னை இருபது வருடம் திட்டினேன், கோதண்டம்."

"தெரியும் சார். ரெண்டு நாள்ல அடங்கிடுவீங்கன்னு நென்ச்சேன். நீங்க இன்னாடான்னா நாடகமே போட்டுட்டீங்க." சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. அவர் காலில் விழப்போன என்னை அவர் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

வசந்தகுமாரி, நான் சொன்ன நாட்கள் சரியானவை. இதை எழுதும்போதும் என் கை அதையே முதலில் எழுதுகிறது. சரியான நாளைச் சொல்லி என் தம்பியைச் சுவருக்குள் அனுப்பியிருக்கிறேன்.

ஒரு முடிவுக்கு வந்துள்ளேன். நாடகத்தை மீண்டும் நடத்துவேன், 12-9-1989 அன்று. செவ்வாய்க்கிழமை, விடுமுறை நாள் அல்ல, இருப்பினும் அந்நாளே பொருத்தம். இம்முறை அரசன் வேஷம் எனக்கு. நாடகத்தில் தன்னையே அறியாத சாட்சி அரசன். இங்கே நானும் அவனே. சாட்சியத்தையும் நானே சொல்வேன், சாபத்தையும் ஒரு சொல் குறையாமல் நானே சொல்லி முடிப்பேன். காலனி முழுவதும் இருக்கட்டும். நீயும் பாஸ்கரனும் வாருங்கள். முன்வரிசையில் உனக்கு இடம் வைப்பேன். நான் கேட்கும் தண்டனை இது ஒன்றே. மறுக்காதே.

இராமகிருஷ்ணன்


நாக்பூர்
11-4-1989

திரு. இராமகிருஷ்ணன் அவர்களுக்கு,

நான் வரமாட்டேன். பாஸ்கரனும் வரமாட்டான்.

நாடகமும் வேண்டாம். நீங்களே வசனம் எழுதி, நீங்களே பேசி, ஊரார் கண்ணீர் விட, எல்லாம் தீர்ந்துபோன நிம்மதியோடு வீட்டுக்குப் போவீர்கள். அந்த நிம்மதிக்கு நான் முன்வரிசையில் வந்து உட்கார வேண்டுமா? கோதண்டம் அண்ணன் இருபது வருஷம் பழி சுமந்தபோது யாரும் அவருக்கு மேடை போட்டுத் தரவில்லை. விளக்குப் போடவில்லை. அவர் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டு, எதிரே வந்தால் உங்களுக்கு ஒரு வணக்கம் சொல்லிக்கொண்டு இருந்தார்.

நீங்களும் இருங்கள். பக்தவத்சலம் இனிமேலும் உங்களைக் கண்டால் எழுந்து நாற்காலி கொடுப்பார். நாகம்மா அக்கா "சாப்டீங்களா சார்?" என்று கேட்பார். கோதண்டம் அண்ணன் காபி கொண்டுவருவார். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். இத்தனை வருஷமும் அவர்கள் அப்படித்தான் இருந்தார்கள். நீங்கள்தான் அதை மரியாதை என்று நினைத்தீர்கள். அது என்னவென்று இப்போது உங்களுக்குத் தெரியும். தினமும் காலையில் அவர்கள் நடுவே போய், அந்தக் காபியை வாங்கிக் குடியுங்கள்.

வசந்தகுமாரி